ஆர்டனின் சொந்தத் துப்பாக்கி

ஆர்டன் வைலருக்கு "முடியாது" என்று சொல்ல வராது. பிறவியிலேயே நாக்கில் ஏதோ கோளாறு என்பாள் அவன் மனைவி நியோமா. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக் கதவை எவன் தட்டினாலும், எதைக் கேட்டாலும், "வெச்சிட்டுப் போ, பாக்கறேன்" என்பான். வந்தவன் வைத்துவிட்டுப் போவான். ஆர்டன் பார்ப்பான். இப்படிப் பார்த்துப் பார்த்தே அறுபதைத் தாண்டிவிட்டான்.

பகலில் அவனுக்குத் தொழிற்சாலையில் இரும்பு அச்சு தேய்க்கும் வேலை. மேற்குப் பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. மாலையில் வந்து, இறைச்சியும் உருளைக்கிழங்குமாக எதையோ விழுங்கிவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தால் இரண்டாவது வேலை. துப்பாக்கி செய்வது. வேட்டைக்கு ஆகிற துப்பாக்கி இல்லை. தூக்கிக்கொண்டு நாலடி நடந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அதை பெஞ்சின் மேல் கிடத்தி, குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைக் காகிதத்தில் பொதிந்து இறக்கி, தொலைவில் நிற்கும் அட்டையில் ஒரே ஓட்டைக்குள் குண்டு மேல் குண்டாக விழவைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக வளர்ந்த ஆண்பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து அலைவார்கள், வீட்டில் திட்டு வாங்குவார்கள், அப்படியும் திருந்தமாட்டார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கு உயிர் எதில் இருக்கிறது என்றால் பொய்வாயில். குழல் செய்யும்போதே நுனியில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, சின்னச் சின்ன ஆணிகள் வைத்து, மறுபடி அதே இடத்தில் மாட்டிக் கழற்றும்படி செய்துவிடுவார்கள். குழலுக்குள் திருகிக்கொண்டு ஓடும் புரி, வெட்டு இருப்பதே தெரியாமல் அந்தத் துண்டுக்குள்ளும் ஓடவேண்டும். சுடுகிறவன் அதை மாட்டி, அதன் மேல் இரண்டு காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நடுவில் குண்டை நிறுத்தி அழுத்துவான். காகிதம் கிழியாமல் குண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே போகும். அடியும் உரசலும் பொய்வாய்க்கு. நிஜ வாய்க்கு ஒரு கீறல் விழாது. குண்டு இறங்கியதும் பொய்வாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சுடவேண்டும். மறந்து சுட்டால் தொலைந்தது. ஒரு குழலின் பொய்வாய் இன்னொரு குழலுக்குச் சேராது. அது போனால் அந்தத் துப்பாக்கியே முடம்.

மனிதர்கள் மறப்பார்கள் என்று தெரிந்துதான் ஆர்டன் ஒவ்வொரு பொய்வாயின் தலையிலும் ஒரு தகட்டை நிறுத்தி வைப்பான். பொய்வாய் மாட்டியிருக்கும்வரை அந்தத் தகடு துப்பாக்கி மேலிருக்கும் தொலைநோக்கியை மறைத்துக்கொண்டு நிற்கும். குறி பார்த்தால் கறுப்புதான் தெரியும். எப்பேர்ப்பட்ட மறதிக்காரனும் பிழைத்துக்கொள்வான்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் போட்டிக்கு வருகிற பெஞ்சுகளில் பாதிக்குமேல் ஆர்டன் செய்த துப்பாக்கிதான் கிடக்கும். ஆர்டனுக்கு மட்டும் சொந்தமாக ஒன்று கிடையாது. யாராவது இரவல் கொடுத்தால் சுடுவான். இல்லாவிட்டால் சும்மா நின்று, அடுத்தவன் துப்பாக்கி முன்னால் புல்லில் உதிர்ந்து கிடக்கும் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கிப் பார்ப்பான். காகிதம் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் குழல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "நல்லாத்தான் வெட்டுது," என்று சொல்லிவிட்டு, நியோமா சுற்றிக் கொடுத்த ஹாம் சாண்ட்விச்சைத் தின்னப் போய்விடுவான்.

தனக்கென்று ஒரு குழல் வாங்கி வைத்திருந்தான், அது நிஜம். நல்ல குழல், இன்னும் புரி போடாதது. பட்டறையில் கொதிகலனுக்குப் பின்னால் எண்ணெய்த்துணி சுற்றிக் கிடந்தது. அதைக் கையில் எடுப்பான். அப்போதுதான் மூக்கில் வேர்த்தமாதிரி எவனாவது வந்து கதவைத் தட்டுவான். பாதிரியாருக்குத் துப்பாக்கிக் கட்டை விரிசல். பல் டாக்டருக்கு விசை இறுக்கம். ஹோபர்ட் ஷீட்ஸுக்கு என்னவென்று இல்லை, எல்லாம்.

இந்த ஹோபர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பால் லாரி ஓட்டியவன். ஆர்டனோடு ஒரே பள்ளிக்கூடம். மனசு தங்கம், வாய் லவுட்ஸ்பீக்கர். ஆர்டனுக்காக உயிரைக் கொடு என்றால் கொடுப்பான். அரைமணி நேரம் தனியாக விடு என்றால் மட்டும் அவனால் ஆகாது. "டேய் ஆர்டன், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பான். அந்த நிமிஷம் முடிவதற்குள் இருட்டிவிடும்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆர்டன், இரும்பு அளவுகோல் நடுவில் வளைந்திருப்பதைப் பார்த்தான். எவனோ இரவல் வாங்கிப்போய்க் கெடுத்துவிட்டான் என்று எரிச்சலோடு வேறொன்றை எடுத்தான். அதுவும் வளைந்திருந்தது. வெளியே வந்தான். தந்திக்கம்பமும் வளைந்திருந்தது. வலது கண்ணை மூடினான். கம்பம் நிமிர்ந்துகொண்டது.

கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். வலது கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இடது கண்ணும் பின்னாலேயே போகும். இந்த வருஷம் தாங்கும், அடுத்த வருஷத்துக்கு உத்தரவாதம் கிடையாது. திரும்பி வரும்போது நியோமாதான் கார் ஓட்டினாள்.

"இந்தக் குளிர்காலத்துல உன் துப்பாக்கியச் செய்," என்றாள் திடீரென்று.

"பல் டாக்டரோடது பாக்கி இருக்கே."

"பல் டாக்டருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருக்கு? அவரு காத்திருப்பாரு. நீ செய்."

செய்தான். எப்படிச் செய்தான் என்று கேட்டால், தொழிற்சாலையில் நின்ற களைப்போடு, வந்தவர்களுக்கும் இல்லை என்று சொல்லாமல், மிச்சம் விழுந்த நேரத்தில் செய்தான். பொய்வாயை அறுத்துப் பொருத்திப் புரி போடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தான். புரியோடு புரி தைத்தமாதிரி ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் அரைகுறை. கட்டைக்கு மெருகு ஏற்றவில்லை. தகடு வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் தகடு வைத்துக் கொடுத்தவன், எனக்கு எதற்கு இப்போது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அவனுக்கு என்று வந்தாலே எல்லாம் அப்புறம்தான். சொன்னால் உங்களுக்கே கோபம் வரும், வீட்டுப் பின்கட்டுப் படியில் ஒரு பலகை இல்லாமல் நியோமா தாண்டிக்கொண்டே எத்தனை வருஷம் போனாள் தெரியுமா!

மே மாதப் போட்டிக்கு அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோனான். பெஞ்சில் கிடத்தியதும் ஹோபர்ட் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னடா இது, வார்னிஷ்கூட அடிக்கல? சவப்பெட்டிகூட இதவிடப் பளபளன்னு இருக்கும்டா!"

"அதுல நீ படுத்துப் பாத்தியா?" என்றான் ஆர்டன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹோபர்ட்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்துவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டி, "சுடுடா, இன்னிக்கு ஒனக்குத்தான்," என்றான். அது மனசார வந்தது. அதில் சந்தேகமே இல்லை.

முதல் குண்டு. அடுத்தது. ஆர்டன் கண்ணைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் குறி தெரிந்தது. நேரே பார்த்தால்தான் நடுவில் அழுக்குத் தண்ணீர் மாதிரி கலங்கியது. சாய்த்தே பார்த்தான். தூரத்து அட்டையில் இரண்டு ஓட்டைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு விழுந்திருந்தன. அவன் எழுந்துபோய்ப் புல்லில் கிடந்த தன் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கினான். அத்தனையும் சுத்தமான வெட்டு. அவற்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தான். மடக்கு நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நியோமா நிமிர்ந்து பார்த்தாள். அவன் துணுக்குகளை அவளிடம் காட்டினான். "என்னது இது, குப்பை," என்றாள் அவள். ஆனால் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது குண்டுக்கு மருந்து கொட்டி, பொய்வாயை மாட்டி, காகிதம் வைத்து, குண்டை அழுத்தி, கம்பியால் அடிவரை இறக்கினான். கம்பியை உருவிப் பெஞ்சின் மேல் வைத்தான்.

"டேய் ஆர்டன், ஒரு நிமிஷம் வாயேன்!"

பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஹோபர்ட். குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டதாம். இறங்கவும் மாட்டேன் என்கிறது, ஏறவும் மாட்டேன் என்கிறது.

"தொடச்சியா குழல?"

"தொடச்ச மாதிரிதான் ஞாபகம்."

"மாதிரி!"

ஆர்டன் போனான். வேறென்ன செய்வான்? ஹோபர்ட்டின் கம்பியை வாங்கி, எண்ணெய் விட்டு, பதமாகத் தட்டித் தட்டி இறக்கினான். வியர்த்துவிட்டது. முதுகு வலித்தது. நேரம் முடியப்போகிறது என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ட்ரூடி குரல் கொடுத்தாள். தன் பெஞ்சுக்குத் திரும்பினான். கம்பி வெளியே இருக்கிறது, ஆகவே குண்டு உள்ளே இருக்கிறது. மருந்தைப் பற்றவைக்கும் செம்புத் தொப்பியை வைத்தான். உட்கார்ந்தான். கண்ணைச் சாய்த்தான். மறைப்பதற்குத் தகடு இல்லை. குறி தெளிவாகத் தெரிந்தது. சுட்டான்.

சத்தமே வேறு மாதிரி வந்தது. தகரத்தில் சுத்தியல் விழுந்தாற்போல் ஒரு சத்தம். வெயிலில் ஏதோ பளிச்சென்று மின்னிக்கொண்டு எகிறிப் போயிற்று. அடுத்தடுத்த பெஞ்சுகளில் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. "நிறுத்துங்க!" என்று ட்ரூடி கத்தினாள். அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருத்தனும் பயந்துகொண்டிருக்கும் ஒரே விஷயம் அது.

ஆர்டன் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை. இவ்வளவு நாளாகச் சேர்த்து வைத்திருந்த அலுப்பெல்லாம் மொத்தமாக வந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

எகிறிப்போன பொய்வாயைத் தேடி மற்றவர்கள் வரிசை கட்டிக்கொண்டு, குனிந்தபடி புல்லை விலக்கி விலக்கி நடந்தார்கள். பாதிரியார் முட்டி போட்டுத் தேடினார். ஹோபர்ட்டின் முகம் செத்துப்போயிருந்தது. அவன் யாரோடும் பேசாமல் நாய் மாதிரி மண்ணை முகராத குறையாகத் தேடினான். கடைசியில் கண்டெடுத்தது நியோமா. வடிகால் சேற்றுக்குள் செருப்புக் காலோடு இறங்கி, எடுத்து, தன் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சின் மேல் வைத்தாள்.

ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆணிகளில் பாதி காணோம், மீதி வளைந்துவிட்டன. குழலின் வாயில் ஆணித் துளைகள் பிய்ந்த பொத்தான் ஓட்டைகள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தன. ஆர்டன் விரலால் தடவிப் பார்த்தான்.

"போச்சு," என்றான்.

"நான் கூப்பிட்டிருக்கக் கூடாது," என்றான் ஹோபர்ட். "என்னோடத எடுத்துச் சுடு. மிச்சத்த என்னோடதுல சுடுடா. நான் சுடல."

ஆர்டன் அதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஹோபர்ட்டின் துப்பாக்கியில் மிச்சக் குண்டுகளைச் சுட்டான். எப்படிச் சுட்டான் என்று அவனுக்கே தெரியாது. அட்டையைக் கொண்டுவந்தபோது ஹோபர்ட் அதைப் பார்த்தான், பார்த்த மாத்திரத்தில் பழைய ஹோபர்ட் ஆகிவிட்டான்.

"பாத்தியா, நீ சுட்டாலும் எடது பக்கந்தான் இழுக்குது! நான் சொன்னேன்ல? ஒரு நாள் கொண்டாறேன், பாத்துக் குடு."

"ம், கொண்டா," என்றான் ஆர்டன்.

நியோமா அப்போது எதுவும் சொல்லவில்லை. நசுங்கிய பொய்வாயைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று ஆர்டனுக்குத் தெரியும். ஹோபர்ட்டுக்குத் தெரியாது.

காரில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

"திரும்பச் செய்ய முடியுமா?" என்று கேட்டாள்.

"இன்னொரு துண்டு அறுக்கலாம். குழல் குட்டையாயிடும். ஏற்கெனவே புரி போட்ட குழல அறுத்தா, அந்தப் புரியத் திரும்ப ஒட்டவைக்கிறது சாமானியமில்ல. மயிரிழை தப்பினா காகிதம் கிழிஞ்சிடும். கண்ணு வேணும். நடுவுல ஆள் வரக்கூடாது. ஆணிக்குத் தொள போடறதுக்கு முன்னாடி துண்டு அசைஞ்சிட்டா மறுபடி மொதல்லேருந்து."

"செப்டம்பர்ல போட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பவும் கண்ணு தெரியுமா?"

"தெரியும்னு நெனைக்கிறேன்."

அவள் கண்ணாடியில் ஓடும் துடைப்பானைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஆர்டன் சீட்டில் சாய்ந்தான்.

"எனக்கு அலுத்துப்போச்சு நியோமா. படுத்துத் தூங்கினாப் போதும்னு இருக்கு. துப்பாக்கியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"தூங்கு. யாரு வேணாங்கறா? தூங்கி எந்திரிச்சு அத அறு." அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க ஹாரனை அடித்தாள், எதிரில் ஒருத்தரும் இல்லை. "இன்னிக்குக் காலையில அந்தக் குப்பையக் கொண்டுவந்து காட்டினியே, அப்ப ஒரு மொகம் வெச்சிருந்த. கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் அந்த மொகத்தப் பாத்ததில்ல. அத எவனோ ஒருத்தன் கூப்பிட்டான்னு விட்டுடறதா? நான் விடமாட்டேன் ஆர்டன். நீ விட்டாலும் நான் விடமாட்டேன்."

ஜூலையில் தொழிற்சாலைக்கு வருடாந்திர விடுமுறை விட்டார்கள். அன்றைக்கே நியோமா மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் பட்டறைக் கதவுக்கு வெளியே போட்டாள். மடியில் பீன்ஸ் கூடை. கதவைச் சாத்திவிட்டாள். பல் டாக்டர் வந்தார், வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பாதிரியாரின் மனைவி வந்தாள், கிளம்பும்போது கை நிறையப் பீன்ஸோடு கிளம்பினாள். உள்ளே ஆர்டன் அறுத்தான், தேய்த்தான், தூங்கினான். நிஜமாகவே தூங்கினான், லேத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாயை விரித்துக்கொண்டு. எழுந்து மறுபடி தேய்த்தான்.

சனிக்கிழமை, புதுத் துண்டைக் குழலின் வாயில் வைத்து, கவ்வியால் லேசாகப் பிடித்து, விளக்கைப் பின்னாலிருந்து காட்டி, இடது கண்ணை மட்டும் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். புரி இங்கே ஒரு மயிர் தள்ளி நின்றது. கட்டைவிரலால் தொட்டான். அந்தப் பக்கம் ஒரு மயிர் போய்விட்டது. மூச்சை விட்டுவிட்டு மறுபடி தொட்டான். இப்படியே எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கடைசியில் ஒரு முறை தொட்டபோது, வெட்டு எங்கே என்றே தெரியாமல் போய்விட்டது. இனி கவ்வியை இறுக்கி, துளை போட்டு, ஆணி இறக்க வேண்டும். அதுவரை இருமக்கூடக் கூடாது.

வெளியே சரளைக்கல்லில் வண்டி வந்து நின்றது. சத்தத்திலேயே தெரிந்தது, ஹோபர்ட்.

"என்ன நியோமா, காவல் காக்கறியா? ஆளு உள்ளதான?"

"உள்ளதான் இருக்கான். ஒனக்கு இல்ல."

ஹோபர்ட் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான் போல. "துப்பாக்கியக் கொண்டாந்திருக்கேன். கொண்டான்னு அவந்தான் சொன்னான். ஒரு நிமிஷந்தான்."

"அந்த ஒரு நிமிஷந்தான் அவன் துப்பாக்கியத் தின்னுச்சு, ஹோபர்ட்."

அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஆர்டனுக்குக் காது சுட்டது. இப்படியா சொல்வாள் மனுஷனைப் பார்த்து! கை கவ்வியில் இருந்தது, கால் மட்டும் தானாகக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஆர்டன்!" ஹோபர்ட் கதவுக்கு வெகு அருகில் வந்து கூப்பிட்டான். எப்போதும் போல இல்லை, மெல்ல. "டேய் ஆர்டன், கேக்குதா?"

கேட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிற குரல். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது. ஆர்டன் அதை மூடிக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டான். தன்னைப்போல ஒரு அயோக்கியன் உலகத்தில் இருக்கமாட்டான் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டி, இருந்த பார்வையும் மங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட அசையவில்லை.

வெளியே பீன்ஸ் ஒடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"செப்டம்பர்ல சுட வருவானா?" என்றான் ஹோபர்ட்.

"நீ இப்பப் போனா வருவான்."

சரளைக்கல்லில் காலடிகள் திரும்பிப் போயின. வண்டிக் கதவு, சாத்துவதே தெரியாதபடி மெதுவாகச் சாத்தப்பட்டது. இஞ்சின் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்து அடங்கும்வரை ஆர்டன் காத்திருந்தான். பிறகு கவ்வியை இறுக்கி, கண்ணைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு, முதல் துளையைப் போட்டான்.